சிலம்பில் ஊழும் தெரிவும்

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் நம்மவர் பலர், கதை முடிந்ததும் ‘ஊழ்’ என்னும் ஒரு சொல்லால் முத்திரையிட்டுவிடுகின்றனர். கோவலன் மாண்டது ஏன்? ஊழ். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டது ஏன்? அதுவும் ஊழ். தேர்வில் இவ்விடை செல்லுபடியாகலாம். ஆயின், 16, 17 வயது மாணாக்கர் நெஞ்சில் இது எவ்வித்தை ஊன்றுகிறது என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காப்பியத்தின் பதிகம் கூறும் உண்மைகள் மூன்று. ஆட்சியில் தவறியவனை அறமே கொல்லும் என்பது ஒன்று. கற்பின் மிக்காளை உயர்ந்தோரும் போற்றுவர் என்பது மற்றொன்று. பழவினை தேடிவந்து பயன் தரும் என்பது மூன்றாவது. எல்லாம் ஊழின் செயலே எனின், முதல் உண்மைக்குப் பொருள் இல்லாது போகும். வேறு வகையாக நடந்திருக்கக்கூடியவனை அன்றோ அறம் தண்டிக்கும்? தன் செயலில் தனக்குப் பங்கே இல்லாத மன்னனை அறம் கொல்லுமாயின் அது அறமாகாது. எனவே, மூன்று உண்மைகளையும் ஒருங்கே வைத்த ஆசிரியர், ஊழையும் மனிதப் பொறுப்பையும் ஒருங்கே ஏற்றவர் என்பது தெளிவு.

ஊழ் வரும் வழி

இளங்கோவடிகள் ஊழைச் சுட்டும் இடங்களை நிரல்படுத்திப் பார்ப்போம். கானல்வரியில் கோவலன் மாதவியைப் பிரிகிறான்; ஊழ் சினந்து வந்தது என்கிறார் புலவர். ஆனால், அவ்விடத்தில் அவன் உள்ளத்தில் ஐயமும் மானமும் கிளர்ந்ததையும் காட்டுகிறார். கொலைக்களக் காதையில், வினை விளையும் காலம் ஆதலின் பாண்டியன் ஆராயவில்லை என்கிறார். ஆனால், தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் வேளையில்தான் மன்னன் அவ்வாணையை இட்டான் என்பதையும் மறைக்கவில்லை. ஊழ் வானத்திலிருந்து இடியாக விழவில்லை. மனிதனின் சினத்தின் வழியாக, அவசரத்தின் வழியாக, திறந்து கிடந்த வாயிலின் வழியாக நுழைகிறது.

அதே காதையில் கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் களவு நூலை விரித்துரைத்து அத்தயக்கத்தை அழிக்கிறான். அறிவற்ற ஒருவன் வாளை வீசுகிறான். தயங்கியோரும் இருந்தனர், வீசியவனும் இருந்தான் என்பதை மாணாக்கர் காண வேண்டும். ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே மனிதன்மீது இருவகை மனங்கள் செயற்பட்டன.

மதுராபதித் தெய்வம் பழம்பிறப்புக் கதையைக் கட்டுரை காதையில், அதாவது 30 பகுதிகளுள் 23ஆவதில் கூறுகிறது. பதிகத்தைக் கேட்டவர் இதை முன்பே அறிவர். கதைமாந்தரோ எல்லாம் முடிந்த பின்னரே அறிகின்றனர். அக்கதைதான் என்ன? முற்பிறப்பில் பரதன் என்பான், சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி சபித்து உயிர்விட்டாள். அப்பரதனே கோவலன். பொற்கொல்லன் இப்பிறப்பில் செய்ததையே பரதன் அப்பிறப்பில் செய்தான். ஆகவே, சிலம்பின் ஊழ் என்பது வேறொருவர் எழுதிவைத்த எழுத்தன்று; முன்னொரு நாள் ஒருவன் தானே தெரிந்து செய்த செயலின் விளைவு. ‘வினை’ என்னும் சொல்லே செயலைத்தானே குறிக்கிறது!

தம் பிழையைத் தமதென்றோர்

ஊழைப் பற்றிப் புலவர் பேசுகிறார், தெய்வம் பேசுகிறது. தவறிழைத்தவர் என்ன பேசுகின்றனர்? மாதவியின் இரண்டாம் மடல் கோசிகன் வழியாக வந்தபோது, குற்றம் அவளுடையது அன்று, தன்னுடையதே எனக் கோவலன் உணர்கிறான். வழக்குரை காதையில் பாண்டியன், கள்வன் தானே அன்றிப் பிறன் அல்லன் என ஏற்று உயிர் துறக்கிறான். அவர்கள் ஊழின் பின்னே ஒளியவில்லை. இவ்விரு இடங்களையும் விரைந்து கடந்துவிடும் ஆசிரியர், காப்பியத்தின் உயிரையே கடந்துவிடுகிறார்.

கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளீசின் ஈடிபசு கதை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு விதி முன்பே அறிவிக்கப்படுகிறது; தப்ப ஓடியவன் அதன் வாயிலேயே விழுகிறான். எனினும் உண்மையைத் துருவித் தேடியது அவன் தெரிவு. துயரைத் தந்தது தெய்வமாயினும், கண்ணைக் குத்தியது தன் கையே என்கிறான் அவனும். இரு மொழிகளும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

இருமுனைப் பிழை

இதன் மறுதலையும் பிழையே. ‘எல்லாம் உன் கையில், முயன்றால் முடியும்’ என்னும் முழக்கம் இன்று பள்ளிதோறும் ஒலிக்கிறது. கண்ணகி என்ன தவறு செய்தாள்? சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூற, அது பெருமை அன்று என மறுத்தவள் அவள். தீங்கு வரும் எனக் கனாக் கண்டும் சிலம்பைக் கொடுத்து உடன் நடந்தவள். துன்பம் அவள் தேடியதன்று. அதன் நடுவே நிமிர்ந்து நின்றது அவள் தேடியது.

கியா பார்ம் மலைச்சரிவுகளில் இதைக் கற்பிப்பவனுக்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தி அன்று. கொழுந்து பறித்துக் கூன் விழுந்த பாட்டிமார் ‘நம்ம தலையெழுத்து’ என்றே சொல்லி வந்தனர். படிவம் 5 முடிக்கு முன்னரே காய்கறிக் கடைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞனும் அதையே சொல்கிறான். அவனிடம் ‘எல்லாம் ஊழ்’ எனக் கற்பித்தால் அவன் கையிலுள்ள நூலைப் பறித்தவராவோம். ‘எல்லாம் உன் முயற்சி’ எனக் கற்பித்தாலோ, மூன்று தலைமுறை உழைத்தும் உயராத அவன் குடும்பத்தைச் சோம்பேறிகள் என்று பழித்தவராவோம். அவன் பிறந்த வீட்டுக் கூலி அவன் தெரிவன்று. நாளை எழுந்து எத்திசை நடப்பது என்பதில் அவனுக்குப் பங்கு உண்டு.

வள்ளுவரும் இவ்விரண்டையும் ஒதுக்கவில்லை. ஊழினும் வலியது யாது என வினவும் 380ஆம் குறள் ‘ஊழ்’ அதிகாரத்தின் இறுதியில் நிற்கிறது. சோர்வின்றி முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்னும் 620ஆம் குறள் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தின் இறுதியில் நிற்கிறது. ஒன்றை நடத்தி மற்றொன்றை விடுதல் முறையன்று.

எனவே தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காதையிலும் மூன்று வினாக்களை எழுப்புக: இவருக்கு நேர்ந்தது யாது? இவர் செய்தது யாது? வேறு எது செய்திருக்கலாம்? மூன்றாம் வினாவுக்குச் சில இடங்களில் விடை இராது. அவ்விடங்களில் மாணாக்கர் பிறர் துயருக்கு இரங்கக் கற்பர். விடை இருக்கும் இடங்களில் தமக்குரிய பொறுப்பைக் கற்பர். இரக்கமும் பொறுப்பும் ஒருங்கே வளருமாயின், இளங்கோ நம் வகுப்பறைக்கு வந்ததன் பயன் நிறைவேறியதாகும்.