சந்திரனிலிருந்து அரிசி: மேடைமொழியின் மிகையும் அதன் சரிபார்ப்பும்

இலங்கைத் தேர்தல் மேடைமொழியை ஆராய முற்படும் எவரும் 1970ஆம் ஆண்டின் ‘சந்திரனிலிருந்தேனும் அரிசி’ என்னும் வாக்குறுதியைத் தவிர்த்துச் செல்லவியலாது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் பெயரோடு வழங்கும் இதனைப் பெரிதும் எடுத்தாள்பவர் எள்ளி நகையாடுவோரே. ஆதலின், சொன்னவரின் மிகையை அளக்கப் புகும் ஆய்வாளன் சொன்னதாகச் சொல்வோரின் மிகையையும் அளத்தல் வேண்டும்.

1966இல் டட்லி சேனநாயக்காவின் அரசு வாராந்தக் கூப்பன் அரிசியை 4 இறாத்தலிலிருந்து 2 இறாத்தலாகக் குறைத்து, எஞ்சியதை இலவசமாக்கிற்று. 1969இல் மனிதன் சந்திரனில் கால்வைத்தான். இச்சூழலிலேயே அம்மிகைக்குப் பொருள் உண்டு. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி அதனை நம்பி வாக்களித்தான் என்பது மத்தியதர வர்க்கத்தின் ஏளனமன்றி வேறில்லை. அவன் கேட்டது இரண்டாவது கொத்து. அது கிடைத்தது, விலைக்கு. 1973இன் உலகத் தானிய நெருக்கடியில் பங்கீடு மீண்டும் சுருங்கியது. பாண் வரிசை கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் பொதுவாயிற்று.

உயர்வு நவிற்சியை நம் அலங்கார நூலார் பொய்யென ஒதுக்கவில்லை. அது சொல்லுக்குச் சொல் நம்பப்படுவதற்காகக் கூறப்படுவதன்று. சந்திரனைச் சரிபார்ப்பது வீண்வேலை. ஜே. ஆர். ஜயவர்த்தனா 1977இல் அளித்த ‘8 இறாத்தல் தானியம்’ வேறு வகையினது. அதில் அணியில்லை, எண்ணே உண்டு. சங்கக்கடைத் தராசு போதும் என நமக்குத் தோன்றும். ஆனால் 1978இல் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை வந்தது. இறாத்தலில் தந்த வாக்கு ரூபாக் கணக்காக மாறிற்று. முத்திரையின் பெறுமதி நிற்க, விலைவாசி ஏறியது.