காருக்கு அடியில் குனிந்து பார்த்தால்

பழைய கேமரோவில் புது எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எல்லோரும் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். நான் முதலில் காருக்கு அடியில் குனிவேன். வேலை செய்தவருடைய கை எப்படிப்பட்டது என்பதை அங்கே தொங்கும் ஆயில் பேன் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் இந்த மாற்று வேலைக்கு ஆசையாக எடுக்கப்படுவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8 எஞ்சின். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு கேமரோவுக்கும் ஃபயர்பேர்டுக்கும் போனது. 1999-இல் அதன் உடன்பிறப்புகள் சில்வராடோ டிரக்கில் ஏறின. டிரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எஞ்சினை 1969 கேமரோவில் இறக்குவது இன்று அங்கே வெகு சாதாரணம்.

இந்தக் குடும்பத்தில் ஓர் அருமை உண்டு. மூன்றாம், நான்காம் தலைமுறை பிளாக்குகளின் அடிவிளிம்பில் போல்ட் துளைகள் ஒரே அமைப்பில் இருக்கும். கார்வெட் பேனை டிரக் எஞ்சினில் அப்படியே மாட்டலாம். இதற்கு முந்தைய ஸ்மால் பிளாக் ஷெவர்லே எஞ்சினில் இந்தச் சலுகை கிடையாது. 1979 வரை டிப்ஸ்டிக் இடப்பக்கம், 1980 முதல் வலப்பக்கம். 1986-இல் பின் மெயின் சீல் ஒரே வளையமாக மாறியதும் பேனும் மாறிவிட்டது. எல்எஸ்ஸில் எஞ்சினோடு பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. காரோடு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் ஒவ்வொரு பேனும் தான் பிறந்த காரின் அடிப்பாகத்தை அச்சாக எடுத்து வைத்திருக்கிறது. டிரக் பேனுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் தேங்கும் குழியான சம்ப் 8 அங்குலத்துக்கு மேல் நேராக இறங்கிவிடும். கார்வெட் தரையோடு ஒட்டி ஓடும் கார் என்பதால் ஆழத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் இறக்கை விரித்திருக்கிறார்கள். வௌவால் இறக்கை என்றே அதற்குப் பெயர். வேறு கார்களில் அந்த இறக்கைதான் சேசிஸில் இடிக்கும். 2004 ஜிடிஓ ஆஸ்திரேலியாவின் ஹோல்டனிலிருந்து வந்தது. அதில் சம்ப் முன்பக்கம். எனக்குப் பிடித்தது 1998-2002 கேமரோ பேன். முன்பாதி மெலிந்து, காரின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலே தவழ்ந்து போகும். பின்பாதி மட்டும் சுமார் 5½ அங்குலம் இறங்கும். எங்கே இறங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று தெரிந்த வார்ப்பு அது.

டிரக் பேனோடே எஞ்சினை 1969 கேமரோவில் இறக்கினால் சம்ப் கிராஸ் மெம்பருக்கும் கீழே தொங்கும். வேகத்தடை ஒன்று போதும், பேன் பிளந்துவிடும். அதற்காக 1998 பேனை மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் தலைமுறை கேமரோவில் ஸ்டீயரிங் கம்பிகள் கிராஸ் மெம்பருக்குப் பின்னால் ஓடுகின்றன. சம்ப்பின் முன்சுவரும் அந்தக் கம்பிகளில் நடுவிலுள்ள சென்டர் லிங்க்கும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சக்கரம் நேராக நிற்கும்போது இடைவெளி இருக்கும். முழுதாக ஒடித்தால் உரசும். அதனால் நல்ல வேலைக்காரர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பவைத்து, லிங்க்குக்கும் பேனுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு அடியில் படுத்திருப்பார். எஞ்சின் மவுண்ட் தகட்டைக் கொஞ்சம் முன்பின் நகர்த்துவதிலேயே சில சமயம் தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் பேனின் மூலையை வெட்டி வேறு தகடு பற்றவைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய அலுமினிய வார்ப்பில் பற்று எளிதில் பிடிக்காது. ஊறிய எண்ணெய் கொதித்து மேலே வரும். பேன் வளையாதிருக்க அதை ஒரு பழைய பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் பற்றவைப்பார்கள். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துக் கசிவு பார்ப்பார்கள். நேர்த்தியான அந்தப் பற்றுக் கோட்டைக் கையால் தடவிப் பார்க்காமல் என்னால் எழ முடியாது.

பேன் மாறினால் கூடவே உறிஞ்சு குழாயும் கிராங்க்குக்கு அடியிலுள்ள விண்டேஜ் ட்ரேயும் டிப்ஸ்டிக்கும் அதே காரிலிருந்து ஒரே செட்டாக வர வேண்டும். குழாயின் வாய் பேனின் அடியிலிருந்து கால் அங்குலம் போல உயர்ந்து நிற்க வேண்டும். ஒட்டிவிட்டால் எண்ணெய் ஏறாது. அதிகம் உயர்ந்தால் வளைவுகளில் காற்றை உறிஞ்சும். களிமண் உருண்டையை வாயில் ஒட்டி, பேனை வைத்து எடுத்து, நசுங்கிய கனத்தை அளப்பார்கள். குழாய் பம்ப்பில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது. அது மடங்கினாலோ கிழிந்தாலோ ஆயில் பிரஷர் விழுந்து பேரிங் போய்விடும். மொத்த வேலையிலும் விலை குறைந்த பொருள் அது. அதற்கு எண்ணெய் தடவி நிதானமாக உட்கார வைப்பவரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

எல்எஸ் பேன் வெறும் எண்ணெய்ச் சட்டி இல்லை. எண்ணெய் அதற்குள் வெட்டிய வழியாகத்தான் ஃபில்டருக்குப் போய்த் திரும்புகிறது. கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் அதன் பின்முகத்தில்தான் போல்ட் ஆகிறது. அதனால் பேனின் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெல் ஹவுசிங்கை இறுக்கும்போது பேனின் காது உடையும். முன், பின் மூடிகள் பிளாக்கோடு சேரும் நான்கு மூலையிலும் சீலன்ட் ஒரு பொட்டு போதும். அது பிதுங்கி வழிந்திருந்தால் அவசர வேலை என்று அர்த்தம்.

இந்த மாற்றத்துக்கென்றே ஹாலி போன்ற நிறுவனங்கள் வார்த்துத் தரும் பேன்கள் உண்டு. நன்றாகவே பொருந்துகின்றன. முதன்முறை செய்கிறவருக்கு அதையே சொல்வேன், வீண் அலைச்சல் இல்லை. ஆனாலும் இரண்டு கேமரோக்கள் பக்கத்தில் நின்றால், 1998 பேனை அளந்து, மூலை வெட்டி, லிங்க்குக்கு இடம் விட்டுப் பொருத்திய காரிடம்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.