மலைக்கோட்டைக்கு ஒரே பூட்டா?

பாறையேறுவோருக்கான 'தி கிராக்' தளத்தில், மேல்பகுதிக்குப் போட்ட அனுமதிக் குறிப்பு அதன் உட்பகுதிகளுக்கும் தானா இறங்கும். எச்சரிக்கை யார் கண்ணுக்கும் தப்பாது. அதுவரை சரிதான்.

ஆனா இந்த முறையில நம்ம திருச்சி மலைக்கோட்டையை ஏத்திப் பாருங்க. பாறை ஒண்ணுதான்; அதிலேயே தாயுமானவர் சன்னதி, உச்சிப் பிள்ளையார், தொல்லியல் துறை பாதுகாக்கும் மகேந்திரவர்மன் குடைவரை. 'ஏறத் தடை'ன்னு பாறைக்கே போட்டா, பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுற பாட்டிக்கும் தடை. எடுத்துட்டா குடைவரைக்குக் காவலில்லை.

ஸ்ரீரங்கம் இன்னும் சிக்கல். ஏழு திருச்சுற்று, சித்திரை வீதி, உத்திர வீதிக்காரங்க மதிலுக்குள்ளதான் குடியிருக்காங்க. கோயில்னு மொத்தமா டேக் போட்டா அவங்க வீட்டுக்கே போக முடியாது!

இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம்னு சொல்லலை. ஆனா எந்தத் தளமா இருந்தாலும், உட்பகுதி அதை ஓவர்ரைடு பண்ண வழி வேணும். யார் தடுத்தது, ஏன், எப்பங்கிறதும் குறிப்போடவே இறங்கணும். வெறும் சிவப்புக் குறியை வச்சு எந்தப் படியில நிக்கணும்னு எப்படி முடிவு பண்றது?