திரும்ப நோக்கும் முகம்

செலீன் சியாமாவின் 'தீப்பற்றிய சீமாட்டியின் ஓவியம்' (2019) என்னும் பிரெஞ்சுப் படம் 18ஆம் நூற்றாண்டில் நிகழ்வது. மணம் பேசுவதற்கென்று கன்னிமாடத்திலிருந்து வருவிக்கப்பட்ட எலோயிசை, அவளறியாமல் கவனித்து வரைகிறாள் மரியான். அந்த முதற்படத்தில் உயிரில்லை. களவாய்ப் பார்ப்பவருக்கு முகம் அகப்படுவதில்லை. எலோயிஸ் தானே இசைந்து அமர்ந்து, வரைபவளைத் திரும்ப நோக்கும்போதே ஓவியமும் காதலும் உயிர்பெறுகின்றன. இறுதி இசையரங்கக் காட்சி நீளமே. ஆயினும் குறைக்க மனம் வராது.

இதைக் காண்கையில் நம் மதுரையின் வழக்கொன்று நினைவிற்கு வந்தது. இங்கிருந்து சென்னைக்குத் தப்பிச் சென்ற இரு பெண்களின் வழக்கில், 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையை ஒப்புக்கொண்டு, தீர்ப்பிற்கு முன் தாமே உளவியலாளர்முன் அமர்ந்தார். நம் ஆலோசனை அறைகளிலோ நாமே வினவுகிறோம். வந்தவர் நம் முகத்தில் எதைக் கண்டு மௌனமானார் என்று நம்மில் எந்த ஆயர் கேட்டிருக்கிறார்?