நூறு விழுக்காடும் ஓர் ஆடும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ஆண்டுதோறும் பங்கு இல்லத்தின் வாயிலில் பெற்றோர் கூடுகின்றனர். கையில் மதிப்பெண் பட்டியல், நாவில் ஒரே விண்ணப்பம்: “சாமி, நம்ம பள்ளிக்கூடத்துல பதினொண்ணாம் வகுப்புக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தாங்க.” 500க்கு 450 பெற்ற பிள்ளையின் தந்தை இங்கு வருவதில்லை, அவருக்குக் கடிதம் தேவைப்படுவதில்லை. வருவோரெல்லாம் 300க்கும் கீழே நின்றவர்களின் பெற்றோரே. அவர்களை அனுப்பிவிட்டு நாம் மீண்டும் கையிலெடுத்த நூல், இத்தாலியில் 1967இல் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’.

இதனை எழுதியோர் பார்பியானா என்னும் மலைச் சிற்றூரின் மாணவர் எண்மர். அவர்களுக்குக் கற்பித்தவர் 1954இல் அங்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பெற்ற லொரென்சோ மிலானி. நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறைக்குச் சென்று செபித்தார்.

நூலில் இரு சிறுவர் எதிரெதிரே நிற்கின்றனர். மருத்துவரின் மகன் பியெரினோ. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை ஜான்னி. முன்னவன் பள்ளிக்கு வருமுன்னரே எழுத்தறிந்தவன். பின்னவன் தோல்வியுற்று, பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான். இருவரின் மதிப்பெண்ணையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகுமா என்பதே நூலின் வினா. மதிப்பெண் பிள்ளையின் அறிவை மட்டும் காட்டுவதில்லை; அவன் பிறந்த வீட்டையும் காட்டுகிறது. இவ்வுண்மையைப் பாதிக்கப்பட்டோரே சொல்வதுதான் நூலின் வலிமை.

குறையும் உண்டு. அதன் சினம் பெரும்பாலும் ஆசிரியர்மீதே பாய்கிறது. பாடத்திட்டமும் தேர்வு முறையும் ஆசிரியரையும் கட்டிப்போடுகின்றன என்பதற்கு அது போதிய இடம் தரவில்லை. தம் நாள் முழுவதையும் சில பிள்ளைகளுக்கே ஈந்த ஒரு குருவானவரின் பள்ளியை, ஈராயிரம் பேர் பயிலும் பள்ளிக்கு அப்படியே அளவுகோலாக்கவும் இயலாது. எனினும் விடை பொருந்தாததால் வினா பொய்த்துவிடுவதில்லை.

அவ்வினாவை நம் பள்ளிகளின் முன் வைத்துப் பார்ப்போம். மேனிலை வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரையே சேர்க்கிறோம். ஈராண்டு கழித்து ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று பலகை கட்டுகிறோம். எங்குப் படித்தாலும் தேறியிருக்கக்கூடிய பிள்ளைகள் தேறியதில் நமது பங்கு எவ்வளவு? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சிறுபான்மைப் பள்ளிகளை 2014இல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விலக்கியும்விட்டது. ஆகவே இங்கு நம்மைக் கேட்கவேண்டியது நம் மனச்சான்றே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையோ, வறியோர்மீதும் குடும்ப ஆதரவற்றோர்மீதும் தனி அக்கறை காட்டுமாறு கத்தோலிக்கப் பள்ளிகளைப் பணிக்கிறது.

பிறரைச் சுட்டுமுன் நம்மைச் சுட்டிக்கொள்வது முறை. நாம் ஒரு பள்ளியின் தாளாளராயிருந்த காலத்தில், 262 மதிப்பெண்ணுடன் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் வந்தான். வணிகவியல் படிக்க விரும்பினான். “பார்ப்போம்” என்றோம், பார்க்கவில்லை. அவனோடு பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்ந்தவர்கள் அனைவரும் தேறினர்; பலகையும் கட்டினோம். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பின்னொரு கிறிஸ்து பிறப்பு விழாவில் கோயில் முற்றத்தில், “தோத்திரம் சாமி” என்று கைகூப்பினான். அம்முகத்தில் கோபமேதும் இல்லை. அதுவே நம்மை இன்றும் உறுத்துகிறது.

ஒவ்வொரு பிரிவிலும் சில இடங்களைக் குறைந்த மதிப்பெண் பெற்றோருக்கென ஒதுக்கி, அவர்களுக்கு மாலை வகுப்பும் நடத்துவது நம் பள்ளிகளுக்கு அரிதன்று. அதனால் தேர்ச்சி விழுக்காடு சற்றுக் குறையலாம், குறையட்டும். நல்லாயன் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்றார். நாமோ நூறு என்னும் கணக்கு குலையாதிருக்க அந்த ஒன்றை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறோம்.