சதுக்கமும் குளமும்

கட்டடங்களைப் பற்றி நம்மிடையே எழுதுவோரை இருவகையினராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் தூண்களின் உயரத்தையும் வளைவுகளின் எழிலையும் கண்டு மெய்ம்மறந்து, அவற்றை எழுப்பிய கைகளை மறந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் அந்நியன் கட்டியது என்ற ஒரே காரணத்தால் அவற்றைக் காணவே மறுத்துவிடுகின்றனர். முன்னையது அடிமைத்தனமான கலாரசனை. பின்னையது வரலாற்றுணர்வு அற்ற தேசாபிமானம். இவ்விரு நோக்குகளின் குறைபாட்டையும் உணர்த்துவதற்குப் புதுச்சேரியின் பழைய அரசாங்கச் சதுக்கத்தைப்போலச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழ்கூறும் நல்லுலகில் வேறில்லை எனலாம். குளங்களை நம்பி வாழும் வன்னி மக்களாகிய நமக்கு அச்சதுக்கத்தோடு தனியானதோர் உறவும் உண்டு.

சதுக்கம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்து ஐவகை மன்றங்களை எடுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். தவறிழைத்தோரைக் கட்டி அடித்துண்ணும் பூதம் காவல்புரியும் இடம் அது. மற்றொன்று இலஞ்சி மன்றம். நோயுற்றோரும் உடற்குறையுடையோரும் மூழ்கி நலம்பெறும் பொய்கை அது. அதிகாரத்தின் அச்சுறுத்தலும் நீரின் ஆறுதலும் ஒரே நகரத்தின் பொதுவிடங்களாக விளங்கின. புதுச்சேரிச் சதுக்கத்தை விளங்கிக்கொள்ள முனைவோர் இவ்விரண்டையும் மனத்திருத்துதல் வேண்டும்.

பிரான்சிலே சதுக்கம் அரசனுடைய பெருமையை நிலைநாட்டவே பிறந்தது. 1612 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் திறக்கப்பெற்ற அரச சதுக்கத்தைச் சுற்றி ஒரே மாதிரியான முகப்புடைய செங்கல் மாளிகைகள் நிற்கின்றன. வீடுகள் பல, கட்டளை ஒன்று. ஆயின் மக்கள் அக்கட்டளையை என்றென்றும் ஏற்றிருக்கவில்லை. 1792 இலே பதினைந்தாம் லூயியின் சிலை வீழ்த்தப்பட்டது. அவன் பெயர் தாங்கிய சதுக்கம் புரட்சிச் சதுக்கமாயிற்று. அடுத்த ஆண்டு அங்கேயே பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்தது. 1871 மே 16 இலே பாரிஸ் கொம்யூன், வாந்தோம் சதுக்கத்திலிருந்த நெப்போலியனின் வெற்றித் தூணைச் சாய்த்தது. சதுக்கத்தின் நடுவிலே எதை நிறுத்துவது என்ற வினா, நாட்டை ஆள்வது யார் என்ற வினாவேயாகும்.

கடல்கடந்து வந்த சதுக்கம் மக்களைப் பின்னே விட்டுவிட்டு அரசனின் கட்டளையை மட்டும் கொண்டுவந்தது. 1674 இலே பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியிற் காலூன்றினான். 1693 இலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பிரெஞ்சு நகரம் என்று இன்று போற்றப்படும் நேர்கோட்டு வீதியமைப்புக்கு வித்திட்டவர் அவர்களே. 1699 இலே நகரை மீளப்பெற்ற பிரெஞ்சுக்காரர், வோபான் என்னும் பொறியியலாளனின் முறையைத் தழுவி ஐங்கோண வடிவிலே கோட்டை கட்டினர். 1761 இலே ஆங்கிலேயர் நகரைப் பிடித்து, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். இரண்டு வணிகக் கும்பினிகளின் போட்டியிலே ஒரு நகரம் முழுவதும் கல்லும் மண்ணுமாயிற்று. 1765 இலே திரும்பிவந்த பிரெஞ்சுக்காரர் அவ்விடிபாட்டின்மீதே நகரைப் புதிதாக எழுப்பினர். ஆளுநர் மாளிகை 1760களின் பிற்பகுதியிலே எழுந்தது. கோட்டை நின்ற இடத்தை ஒட்டிச் சதுக்கம் அமைந்தது.

அதன் அழகை மறுக்கவொண்ணாது. மாளிகையின் தூண்வரிசைகளும், உயர்ந்த சாளரங்களும், வெயிலை மென்மையாக்கும் வெண்சுண்ணாம்புப் பூச்சும் கண்ணுக்கு இனியன. எனினும் சுண்ணாம்பை அரைத்துச் சாந்தாக்கியவரும் செங்கல்லைச் சுமந்தவரும் தமிழ்த் தொழிலாளரே. வரைபடம் ஐரோப்பாவினது, வெப்ப நாட்டிலே அதனை வாழத்தக்க கட்டடமாக்கிய கைத்திறன் இம்மண்ணினது. கீழ்த்தளத்திலே திண்ணையும் முற்றமும், மேல்தளத்திலே பிரெஞ்சுத் தூண்களுமாக நிற்கும் புதுச்சேரித் தமிழ் வீடுகள் இக்கலப்பிற்குச் சான்று பகர்கின்றன.

நகரை இரண்டாகப் பிளந்தது பெரிய வாய்க்கால். அதன் கிழக்கே, கடலோரமாக, வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். சதுக்கம் கிழக்கிலே இருந்தது. 1748 இலே துய்ப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை அவனுடைய தலைமைத் துபாஷான ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பே பதிவுசெய்கின்றது. ஆயின் குற்றம் அனைத்தையும் அந்நியன் தலையிலே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வாய்க்காலுக்கு மேற்கே வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று பெயர்கள் வழங்குகின்றன. வெள்ளையன் ஒரு வாய்க்காலால் மக்களைப் பிரித்தான்; நாமோ வீதிக்கு வீதி பிரித்திருந்தோம்.

இனிச் சதுக்கத்தின் நடுவிடத்துக்கு வருவோம். அங்கே அரசனில்லை, ஆளுநனுமில்லை. கிரேக்க உரோமப் பாணியிலமைந்த வெண்ணிற மண்டபமொன்று நிற்கின்றது. அதன் பெயர் ஆயி மண்டபம். ஆயி என்பவள் ஒரு தாசி. கிருஷ்ணதேவராயர் இவ்வழி வந்தபொழுது, விளக்கொளியில் திகழ்ந்த அவளது மாளிகையைக் கோயிலென மயங்கிக் கைகூப்பினாராம். உண்மையறிந்து வெகுண்டு, அதனை இடிக்கக் கட்டளையிட்டாராம். அவள் தானே அதனை இடித்து, அவ்விடத்திலே மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. 19 ஆம் நூற்றாண்டிலே, மூன்றாம் நெப்போலியனின் காலத்தில், நகரத்துக்கு நல்ல நீர் தேவைப்பட்டது. நகருக்கு மேற்கேயுள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து லாமைரெஸ் என்னும் பொறியியலாளன் நீரைக் கொண்டுவந்தான். கதையைக் கேட்ட பேரரசன் அவள் பெயரால் மண்டபம் எழுப்பப் பணித்தான் என்பர்.

இங்கேதான் சதுக்கத்தின் முரண்பாடு முழுமையாக வெளிப்படுகின்றது. பீரங்கியும் கப்பலும் உடைய பேரரசு, குடிப்பதற்கு ஒரு தமிழ்க் கிராமத்தின் ஊற்றையே நாடவேண்டியதாயிற்று. அரசன் இழித்துரைத்த பெண்ணின் பெயரை, பேரரசன் தன் சதுக்கத்தின் நெஞ்சிலே பொறிக்க நேர்ந்தது. பூத சதுக்கமாக வகுக்கப்பெற்ற இடத்திலே இலஞ்சி மன்றம் தலைதூக்கிற்று எனலாம். எனினும் இதனைப் பேரரசனின் பெருந்தன்மை என்று வியப்பது பேதைமை. கிராமத்தின் நீர் ஆளுநர் மாளிகையின் வாயிலுக்கு வந்தது. கிராமத்து மனிதன் அவ்வாயிலிலே சமமாக நிற்பதற்கு வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன.

அப்போராட்டங்களைச் சுற்றுலா ஏடுகள் சொல்வதில்லை. 1936 ஜூலை 30 இலே, வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவற்படை சுட்டது, பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையாவின் தலைமையில் நிகழ்ந்த அப்போராட்டத்தின் பயனாக, 1937 இலே எட்டுமணி நேர வேலையுரிமை கிடைத்தது. 1954 நவம்பர் 1 இலே பிரெஞ்சு நிருவாகம் நீங்கிற்று. 1962 ஆகஸ்ட் 16 இலே சட்டபூர்வமான இணைப்பு நிறைவேறிற்று. 1908 முதல் 1918 வரை அந்நகரிலே அடைக்கலம் புகுந்து, ஒற்றரின் பார்வையில் வாழ்ந்த பாரதியின் பெயரை இன்று அப்பூங்கா தாங்குகின்றது. கல் மாறவில்லை, கல்லின் பொருள் மாறிற்று. 2014 இலே இடிந்து வீழ்ந்த கடற்கரை நகரமண்டபத்தைப் பழைய வடிவிலேயே மீளக் கட்டியிருக்கின்றார்கள். பேணுதல் நன்றே, ஆயின் சுவரைப் பேணிவிட்டு, அதனுள்ளே உறையும் உழைப்பின் நினைவைப் பேணாது விடுவோமாயின், நாம் பேணியது வெறும் வண்ணப்பூச்சே.

இத்தகைய கற்கள் வன்னியிலும் உண்டு. 1803 ஒக்ரோபர் 31 இலே கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று கற்சிலைமடுவிலே ஆங்கிலேயர் கல் நாட்டினர். அது வென்றவனின் கல். மக்களோ அதனைப் பண்டாரவன்னியன் கல் என்றே வழங்கினர். 2009 இலே போர் முடிந்தபின், கிளிநொச்சியிலே இராணுவ வெற்றியைப் பறைசாற்றும் தூபி எழுந்தது. யாழ்ப்பாணத்து நெருக்கடியிலிருந்து மக்களைக் குடியேற்றும் திட்டத்தால் 1936 இலே உருவான ஊர் அது. காட்டை வெட்டி வயலாக்கிய அம்முதற் குடியானவருக்கும், இரணைமடு அணைக்கட்டிலே மண்சுமந்தோருக்கும் வீதியோரத்திலே எந்தத் தூபி நிற்கின்றது?

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு கட்டடத்தின் முன் நிற்கும்பொழுது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைக் கட்டியோர் யாவர்? இதனுள் நுழைய இயலாதிருந்தோர் யாவர்? இதற்கு நீர் எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களோடு காண்போர்க்கு அழகு குறைந்துவிடாது. தூணின் எழிலைக் காணும் கண்ணே அதனைத் தாங்கிய தோளையும் காணும். நம் ஊர்க் குளங்களை யார் வெட்டினார், எவர் திருத்தினார், எந்தச் சாதியார்க்கு எந்தப் படித்துறை மறுக்கப்பட்டது என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியை ஒவ்வொரு பாடசாலையும் மேற்கொள்ளலாம். வென்றவர்கள் கல்லிலே எழுதிவிட்டார்கள். உழைத்தவர்களின் வரலாற்றை நாம் ஏட்டிலேனும் எழுதுவோமாக.