படக்கொட்டகை இனி யாருக்கு?

தொற்றுநோய்க் காலம் கடந்த பின்னரும், சினிமாக் கொட்டகைகள் நிலைக்குமா அழியுமா என்னும் விவாதம் பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஓய்ந்தபாடில்லை. கைப்பேசியிலேயே படம் வந்துவிட்டபடியால் கொட்டகைக்கு இனி வேலையில்லை என்று ஒரு சாரார் சொல்லுகின்றனர். பெரிய நடிகர் படம் வரும் நாளில் சீட்டுக்கு நடக்கும் நெரிசலைக் காட்டி, கொட்டகைக்கு அழிவே கிடையாது என்று மற்றொரு சாரார் வாதிக்கின்றனர். இரு சாராரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். அக்கட்டடத்திற்குள் இனி எவ்வகைப் படம் காட்டப்படும், அதனைப் பார்க்க யாரால் வரமுடியும் என்பனவே ஆராயத்தக்க விஷயங்களாகும். குருண் முதலிய கெடாத் தோட்டப்புறங்களில் வாழும் நமக்கு இது பொழுதுபோக்கைச் சேர்ந்த கேள்வி மாத்திரம் அன்று.

நடந்தவற்றை முதலில் சுருக்கமாக நினைவு கூர்வோம். 2020-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது, கொட்டகைகள் மூடப்பட்டன. ஜூலை முதல் தேதி திறந்தபோது, இடையே நாற்காலியைக் காலியாக விட்டு உட்காரும்படி விதி ஏற்பட்டது. அக்டோபரில் எம்.பி.ஓ. என்னும் கொட்டகைக் கம்பெனி கணக்கைத் தீர்த்துக் கலையும் நிலைக்கு வந்தது. மூடுவதும் திறப்பதுமாக மறுவருஷமும் கழிந்து, 2021 செப்டம்பரில் இரண்டு தடுப்பூசியும் போட்டுக் கொண்டவர்களுக்கே அனுமதி என்னும் நிபந்தனையோடு கதவுகள் திறந்தன.

தமிழ்நாட்டிலோ, 2020 மே 29-ல் 'பொன்மகள் வந்தாள்' என்னும் படம் கொட்டகையைத் தீண்டாமலேயே அமேசான் பிரைமில் வெளியாயிற்று. அதைத் தயாரித்த நடிகர் சூர்யாவின் கம்பெனிப் படங்களை இனித் திரையிடமாட்டோம் என்று கொட்டகைக்காரர்கள் முன்னதாகவே எச்சரித்திருந்தனர், எச்சரிக்கை எடுபடவில்லை. நவம்பர் 10-ல் பாதி இருக்கைகளோடு அங்கே கொட்டகைகள் திறந்தன. இரண்டே நாளில், 'சூரரைப் போற்று' அதே பிரைம் வழியாக வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2021 ஜனவரி 13-ல் 'மாஸ்டர்' கொட்டகைக்கு வந்தது. அதே நாளில் இங்கே பினாங்கு முதலிய மாநிலங்களில் கட்டுப்பாடு மீண்டும் இறுகிற்று. 22-ந் தேதி கெடாவிலும் அமலாயிற்று. 29-ந் தேதி 'மாஸ்டர்' கைப்பேசிக்கு வந்துவிட்டது. கொட்டகைக்கும் வீட்டிற்கும் இடையே முன்னாளில் மாதக் கணக்கில் இருந்த தூரம் பதினாறு நாளாகச் சுருங்கிற்று.

இதில் கொட்டகைக்காரர் இழந்தது பணம். படம் பார்ப்போர் இழந்தது யாது என்பதை மேற்சொன்ன படங்களுள் ஒன்றைக் கொண்டே பார்ப்போம்.

சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று', விமானம் பணக்காரரின் தனிச் சொத்தல்ல, ஏழை எளியவரும் அவர் அருகில் அமர்ந்து பறக்கவேண்டும் என்று போராடும் ஒருவனின் கதை. விமானக் கம்பெனி நடத்திய கோபிநாத் என்பாரின் வாழ்க்கையைத் தழுவியது. சிறந்த படத்திற்கான இந்திய தேசிய விருதும் 2022-ல் அதற்கு அறிவிக்கப்பட்டது. உடைமை உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வரிசையில் உட்காரவேண்டும் என்று வாதாடும் இப்படத்தை, ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அது வெளியான நாளில் நமக்குக் கிட்டவில்லை. சந்தா கட்டியவர் தத்தம் அறையில் பார்த்தனர். கட்ட இயலாதவர் பார்த்தவர் வாயால் கதையைக் கேட்டனர்.

இரண்டாவது உதாரணம் இதனினும் முக்கியமானது. த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பர் 2-ல் வெளியான 'ஜெய் பீம்', போலீஸ் காவலில் இருளர் குடும்பம் ஒன்று பட்ட கொடுமையை, 1993-ல் நடந்த மெய்யான சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டு கூறுகிறது. அதுவும் நேரே கைப்பேசிக்கே வந்தது. அதில் அடியும் உதையும் காட்டப்படும் இடங்கள் நீளமானவை, நீளமாகவே இருக்கவேண்டியவை. வீட்டில் பார்ப்பவரின் விரல் என்ன செய்கிறது? பத்து வினாடி தாண்டிப் போகிறது. மனம் பொறாவிடில் நிறுத்தி வைத்துத் தேநீர் குடிக்கப் போகிறது. கொட்டகையில் அவ்வாறு தப்பிக்க வழியில்லை. பக்கத்தில் முன்பின் அறியாத ஒருவர் விம்முவது காதில் விழுகிறது. ஜாதிப் பெருமையை மனத்தில் வைத்திருப்பவனும், இருட்டில் நூறு பேர் நடுவே, அக்காட்சி முடியும்வரை உட்கார்ந்தே ஆகவேண்டும். வெளியே வந்தபின் ஒரு சொல்லாவது பேசாமல் கலைவது அரிது. அப்பேச்சையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வீட்டில் படம் முடிந்த மறுகணமே அடுத்த படத்தின் பெயர் திரையில் தோன்றி அதனைக் கொன்றுவிடுகிறது.

இதனால் கைப்பேசியைத் தூற்றுவது நமது நோக்கமன்று. தோட்டத்திலிருந்து கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் பீடோங் கடந்து சுங்கைப்பட்டாணிக்குப் போய் ஒரு படம் பார்த்துத் திரும்ப, வாகனச் செலவும் சீட்டும் சிற்றுண்டியும் சேர்த்து எத்தனை வெள்ளி ஆகும் என்பதைத் தோட்டத்து ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதும் நம் போன்றோர் நன்கு அறிவோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண்களுக்குக் கொட்டகை என்றுமே எட்டாத இடமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு முதன்முதலாகத் தாம் விரும்பிய படத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கைப்பேசி அளித்தது. இந்நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

கொட்டகையும் மாசற்றதன்று. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், துரைக்கு நாற்காலி, கிராணிக்குப் பெஞ்சு, தொழிலாளிக்குத் தரை என்றிருந்ததையும், இடமின்றித் துணியின் மறுபுறம் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தோன்றப் பார்த்தவர்கள் உண்டு என்பதையும் மூத்தோர் சொல்லுவர். நகரக் கொட்டகையில் காசுக்குத் தக்க இடம் உண்டாயினும், அடுத்த நாற்காலிக்காரரின் ஜாதி இன்னதென்று சீட்டில் அச்சிட்டிருக்கவில்லை என்பதே நமக்கு ஆறுதல். அந்த ஆறுதலுக்கும் இழுக்கு வந்ததுண்டு. 2023 மார்ச்சு 30-ல், சென்னையின் ஒரு திரையரங்கில், சீட்டு வாங்கி வந்த நரிக்குறவக் குடும்பத்தாரை வாயிலில் தடுத்து நிறுத்தினர். குழந்தைகளின் வயதைக் கருதியே தடுத்ததாக நிர்வாகம் சமாதானம் கூறிற்று, கண்டனம் எழுந்தது, அதற்குள் அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டும் இருந்தனர். பொது வாயிலில் நடந்தபடியால்தான் அந்த அநீதியை ஊரார் கண்டனர், கேட்டனர் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இனி வருங்காலத்தைப் பற்றிச் சொல்லுவோம். கொட்டகைகள் அழியப் போவதில்லை. 2022-ல் 'விக்ரம்', 'பொன்னியின் செல்வன்', 2023-ல் 'ஜெயிலர்', 'லியோ' ஆகியவற்றிற்குக் கூடிய கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் கொட்டகை திருவிழாக் கடையாகிவிடும் அபாயம் இருக்கிறது. பெரிய நடிகரின் ஆரவாரத்திற்குப் பொதுத் திரையும், மனிதரின் துன்பத்தைக் கூறும் சிறிய படத்திற்குத் தனி அறையும் என்று பங்கு பிரிக்கப்படுமானால், நாம் ஒன்றாகக் கூடிக் கைதட்டுவோம். சிந்திப்பதற்கு மட்டும் தனித்தனியே பிரிந்து போவோம். ஒரு சமூகத்திற்கு இதைவிடக் கேடான பங்கீடு வேறொன்றில்லை.

இது வீண் அச்சமன்று. நம் நாட்டுப் படமாகிய 'ஜகாட்' 2015-ல் வெளியாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் தத்தளிக்கும் தமிழ்க் குடும்பத்துச் சிறுவனைப் பற்றிச் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த படம் அது. மறுவருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் அதனை மலாய் அல்லாத மொழிப் படம் என்று தனிப் பிரிவில் ஒதுக்கினர். திரையுலகிலிருந்தே எதிர்ப்புக் கிளம்பிற்று; மொழிப் பிரிவினை நீக்கப்பட்டது; 'ஜகாட்' மலேசியாவின் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. பொதுத் திரையில் நின்ற படத்தினால்தான் பொது நீதி கேட்க முடிந்தது. ஆயிரம் அறைகளில் ஆயிரம் பேர் தனித்துப் பார்த்துவிட்டு உறங்கியிருந்தால், அக்கேள்வி எழுந்திருக்குமோ என்பது சந்தேகமே.

ஆகையால் நாம் செய்யத்தக்கது யாது? கம்பெனிகளின் கருணைக்குக் காத்திராமல், நமக்கு நாமே பார்வையாளர் சங்கம் அமைத்துக் கொள்வதாகும். 1947-ல் சத்யஜித் ராய் முதலிய இளைஞர் சிலர் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் கண்டனர். ராய் அப்போது ஒரு படமும் எடுத்தவரல்லர். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவரது தோழர்களும் 1984-ல் 'ஒடேஸா' என்னும் குழுவை ஏற்படுத்தி, ஊர் ஊராய்ச் சாப்ளினின் படத்தைக் காட்டி, ஜனங்களிடம் சிறுகாசு திரட்டி, 1986-ல் 'அம்ம அறியான்' என்னும் படத்தையே எடுத்து முடித்தனர். அவர்களுக்கு மாளிகை தேவைப்படவில்லை; துணியும் கருவியும் உட்காரும் ஜனங்களும் போதுமாயிருந்தன.

தமிழ்ப்பள்ளி மண்டபமும் கோவில் மண்டபமும் தொழிற்சங்க அறையும் நம்மிடையே உள்ளன. உரிமையாளரிடம் முறைப்படி அனுமதி பெற்று, மாதம் ஒரு முறை, பெரிய கொட்டகை கைவிட்ட சிறிய படமொன்றைக் காட்டலாம். நாற்காலிக்கு முன்வரிசை பின்வரிசை என்னும் மரியாதை வேண்டாம். வந்தவர் வந்த இடத்தில் உட்காரட்டும். படம் முடிந்தபின் அரைமணி நேரம் பேச்சு நடக்கட்டும். அதில் முதற்பேச்சு, இதுநாள்வரை கொட்டகையைக் காணாத பெண்களுடையதாக இருக்கட்டும். செம்பனைத் தோட்டத்தில் நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வந்தால் அவர்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும். திடலில் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மற்றொருவரைத் துணிக்குப் பின்னால் உட்கார வைக்கலாகாது.

நோய் நம்மைப் பிரித்து வைத்தது, அது அவசியமாயிருந்தது. நோய் தணிந்த பின்னும் பிரிந்திருப்பது வழக்கமாகிவிட்டால், குற்றம் நோயினுடையதாகாது. குருணிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் உள்ள வாசகர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இவ்வருஷமே இதனைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.